பெர்த்திலிருந்து கொக்கலைக்கு எத்தனை கட்டை?



தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு எத்தனை கட்டை என்று கேட்டால் நம் வீட்டுச் சிறுவன்கூடத் தயங்காமல் பதில் சொல்லுவான். நாலு கட்டை என்பான்; அல்லது ஏழு கட்டை என்பான். சாலைகளெல்லாம் கிலோமீட்டர் கணக்குக்கு மாறி வெகுகாலம் ஆகியும், பெரியவர்கள் வாயைவிட்டுக் கட்டை போகவில்லை. சரி, அடைமழையில் ஆற்றுப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டால் அப்போது எத்தனை கட்டை? வேறு சாலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நாலு கட்டை பன்னிரண்டு கட்டை ஆகிவிடும். தோட்டமும் நகரவில்லை, பட்டணமும் நகரவில்லை. இடையிலிருந்த பாலம்தான் போயிற்று. தூரம் மூன்று மடங்காகிவிட்டது.

ஆகாயத்தில் இந்தத் தொல்லை கிடையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகாயத்தில் ஆறு ஏது, பாலம் ஏது, பறவையைப் போல நேரே போகவேண்டியதுதானே என்று தோன்றும். உண்மை அப்படி இல்லை. ஆகாய வழிக்கும் பாலங்கள் உண்டு. அவை இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ளும் இடங்கள். அந்த இடங்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவர்கள் கையில்தான் தூரமும் இருக்கிறது. இதற்குச் சரித்திரத்திலிருந்து ஒரு சான்றை இன்று பார்ப்போம். சான்று வெகுதூரத்தில் உள்ள இரண்டு நீர்நிலைகளைப் பற்றியது. ஒன்று ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரத்தை ஒட்டி ஓடும் ஸ்வான் ஆறு. மற்றொன்று இலங்கையின் தென்கோடியில், காலி நகரத்துக்கு அப்பால் இருக்கும் கொக்கலை ஏரி. இரண்டாவது உலகப்போர் நடந்த காலத்தில் இவ்விரண்டும் விமானத் தளங்களாக இருந்தன.

முதலில் தூரத்தை அளக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் மாட்டிய தேசப்படத்தில் அடிக்கோலை வைத்து அளந்தால் சரியான அளவு வராது. பூமி உருண்டை, படமோ தட்டை. பிள்ளைகள் விளையாடும் பந்து ஒன்றை எடுத்து, அதில் இரண்டு புள்ளி வைத்து, ஒரு நூலை இரண்டுக்கும் இடையே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. விமானக்காரர்கள் கணக்கிடும் தூரம் இதுவே. அப்படிக் கணக்கிட்டால் பெர்த்திலிருந்து கொக்கலைக்கு 3,513 மைல், அதாவது ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். முழுவதும் இந்துமகா சமுத்திரம். வழியில் கோக்கோஸ் தீவுகளைத் தவிரக் காலூன்ற நிலம் கிடையாது.

இந்த 3,513 மைலையும் ஒரே மூச்சில் கடக்கவேண்டிய அவசியம் 1942-ஆம் ஆண்டு வரை விமானக் கம்பெனிகளுக்கு ஏற்படவில்லை. ஏனெனில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே மலாயாவும் சிங்கப்பூரும் பாலமாக இருந்தன.

அந்தப் பாலம் போடப்பட்ட வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். 1919-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்குப் பத்தாயிரம் பவுன் பரிசு என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்கள் பென்னட், ஷியர்ஸ் என்னும் இரண்டு இயந்திர நிபுணர்களுடன் நவம்பர் 12-ஆம் தேதி லண்டனுக்கு அருகேயிருந்து புறப்பட்டார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி டார்வினில் இறங்கிப் பரிசையும் பெற்றார்கள். இடையில் டிசம்பர் 4-ஆம் தேதி சிங்கப்பூருக்கு வந்தார்கள். விமான நிலையம் என்று ஒன்று அன்று இங்கே ஏது? ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில்தான் இறங்கினார்கள். திடலோ சின்னது. விமானம் ஓடி நிற்க இடம் போதாது. ஆகையால் தரையைத் தொடும் தறுவாயில் பென்னட் விமானத்தின் முதுகு மேலேயே சறுக்கி வாலுக்குப் போய், தம் உடம்புப் பாரத்தால் வாலை அமிழ்த்தி வேகத்தைக் குறைத்தாராம். அடுத்து சுராபாயாவில் இறங்கியபோது சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. அந்த ஊர் மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து தரையில் விரித்துப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாயின் மேல் ஓடித்தான் விமானம் மேலே கிளம்பியது.

விமானிகளின் பெயர் சரித்திரத்தில் ஏறிற்று. பாய் கொடுத்தவர்களின் பெயர் ஏறவில்லை. ஆனாலும் அந்தப் பாய் இல்லாவிட்டால் அந்தப் பயணம் சுராபாயாவோடு முடிந்திருக்கும். ஏறத்தாழ 28 நாள் நடந்த பயணத்தில் அவர்கள் ஆகாயத்தில் இருந்தது 135 மணி நேரமே. மற்ற நாட்களெல்லாம் தரையில் கழிந்தவை என்பதைக் கவனிக்கவேண்டும்.

பிறகு கம்பெனிகள் வந்தன. 1934-ஆம் ஆண்டு டிசம்பரில் இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் பிரிட்டிஷ் கம்பெனியும் குவான்டாஸ் என்னும் ஆஸ்திரேலியக் கம்பெனியும் சேர்ந்து லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விமானத் தபால் நடத்தத் தொடங்கின. இரண்டு கம்பெனிகளும் கைமாற்றிக்கொள்ளும் இடம் சிங்கப்பூர். 1935-இல் பயணிகளும் ஏற்றப்பட்டார்கள். கல்கத்தா, ரங்கூன், பேங்காக், அலோர் ஸ்டார், சிங்கப்பூர் என்று தவளை தத்துவதுபோலத் தத்தித் தத்தி வரும். பிரிஸ்பேன் நகரிலிருந்து லண்டன் போய்ச் சேரப் பன்னிரண்டரை நாள். இரவில் பறப்பதில்லை, விடுதியில் தூங்கிவிட்டுக் காலையில் ஏறிக்கொள்வார்கள்.

இதற்குக் கட்டணம் 195 பவுன். அன்றைய மலாயா வெள்ளிக் கணக்கில் அது 1,670 வெள்ளிக்கு மேல் வரும். 1937-இல் நம் தோட்டங்களில் ஆண்களுக்கு நாட்கூலி 50 காசு. பெண்களுக்கு 40 காசு. ஒருவர் ஒரு நாளும் ஓயாமல் பெரட்டுக்குப் போய், சோறு தண்ணீருக்கென்று ஒரு காசும் செலவழிக்காமல் ஒன்பது வருடத்துக்கு மேல் சேர்த்தால்தான் அந்த ஒரு டிக்கெட் வாங்கலாம். ஆகவே அலோர் ஸ்டாரில் இறங்கிய அந்த விமானத்தை நம்மவர்கள் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. நம்மவர்களுடைய பாலம் வேறு. அது நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கு வந்த ரஜூலா போன்ற கப்பல்களே.

1938-இல் கடல் விமானங்கள் வந்தன. இவை சக்கரம் வைத்துத் தரையில் இறங்குபவை அல்ல. படகுபோல் அடிப்பாகம் கொண்டு தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்புபவை. பினாங்குத் துறையிலும் சிங்கப்பூர் காலாங் துறையிலும் இவை வந்து நின்றன. லண்டன் பக்கத்திலிருந்து சிட்னிக்குப் பத்து நாளுக்குள் போகலாமென்று ஆயிற்று. தூரம் சுருங்கிக்கொண்டே வந்தது.

அப்புறம் போர் வந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே மத்தியதரைக் கடல் வழி அடைபட்டது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரை போய், அங்கிருந்து விமானம் ஏறி, எகிப்து வழியாக இந்தியா, சிங்கப்பூர், சிட்னி என்று குதிரை லாடம் போலச் சுற்றி வரவேண்டியதாயிற்று. அந்த வழிக்கே லாட வழி என்று பெயர். அப்போதும் சிங்கப்பூர்ப் பாலம் பத்திரமாக இருந்தது.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதன்பின் நடந்ததை நம் குடும்பங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாட்டன் பாட்டி வாயிலாகக் கேட்டிருக்கிறோம். விமான வழியை மட்டும் பார்ப்போம். அலோர் ஸ்டார் விமானத் தளம் டிசம்பர் நடுவிலேயே விழுந்தது. அடுத்த சில நாளில் பினாங்கு. 1942 ஜனவரி 30-ஆம் தேதி, சுராபாயாவிலிருந்து மக்களை ஏற்றிவரப் போய்க்கொண்டிருந்த குவான்டாஸ் கடல் விமானம் ஒன்று தீமோர் தீவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. நாலு நாள் கழித்து டார்வின் மீது குண்டு விழுந்தது. மார்ச் 8-ஆம் தேதி ரங்கூனும் போயிற்று. கோத்த மாலையில் நூல் அறுந்தால் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிருமே, அதுபோல ஆகாய வழியின் நிலையங்கள் அத்தனையும் மூன்று மாதத்தில் உதிர்ந்துவிட்டன.

நம் கப்பல் வழியும் அதே நேரத்தில்தான் அறுந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே நேர் தூரம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். போருக்கு முன்னும் அதுதான், பின்னும் அதுதான். ஆனால் 1942-லிருந்து மூன்றரை வருடம் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை, மணியார்டரும் இல்லை. ஊரில் தாய் இருக்கிறாளா, போய்விட்டாளா என்று இங்கே தெரியாது. சயாம் மரண ரயிலுக்குப் போன மகன் என்ன ஆனான் என்று அங்கே தெரியாது. அந்த மூன்றரை வருடத்துக்கு அந்தத் தூரத்தை எந்தக் கட்டைக் கணக்கில் அளப்பது?

நமக்கு அந்த வழியில்லாமல் போனது போலவே, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஒன்றுக்கொன்று எட்டாமல் போயின. ஆனால் அவர்கள் கையில் அரசாங்கம் இருந்தது, விமானம் இருந்தது. இந்தியாவும் இலங்கையும் இன்னும் பிரிட்டிஷார் வசம் இருந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவும் தப்பியிருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே வெறும் கடல். அந்தக் கடலை நில்லாமல் கடந்துவிட்டால் கராச்சி வழியாக இங்கிலாந்துக்கு மறுபடியும் வழி திறக்கும். இங்கேதான் நாம் முதலில் பார்த்த 3,513 மைல் வந்து குறுக்கே நிற்கிறது.

கொக்கலை ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த கடல் விமானத் தளம் அதற்குள் பெயர் பெற்றிருந்தது. 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி, லெனார்ட் பர்ச்சால் என்னும் கனடா நாட்டு விமானி அங்கிருந்து புறப்பட்டுப் போய், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் கண்டார். செய்தியை வானொலி மூலம் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுடப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தபடியால் இழப்பு ஓரளவு குறைந்தது.

அந்தத் தளத்துக்காக ஒரு கிராமமே காலி செய்யப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். கொக்கலை மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். சிங்கள மொழியின் பெரும் எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்ஹ பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு இடிபடாமல் தப்பியது. பிற்காலத்தில் அதைச் சுற்றிக் கிராமிய வாழ்க்கைப் பொருட்காட்சி சாலை ஒன்று அமைந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பியவர்கள் நம்மிடையே உண்டு. ஆகையால் அந்தக் கிராமத்தார் நிலை நமக்கு விளங்காமற் போகாது.

1943-இன் நடுவில் குவான்டாஸ் கம்பெனி இந்தச் சேவையைத் தொடங்கியது. கேட்டலினா என்னும் அமெரிக்கக் கடல் விமானங்கள் ஐந்து கொடுக்கப்பட்டன. அவற்றுக்கு நட்சத்திரங்களின் பெயர் சூட்டினார்கள். ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரஸ், ஸ்பைக்கா. இவை நமக்குத் தெரியாதவை அல்ல. ஆல்டேர் நம்முடைய திருவோணம்; வேகா அபிஜித்; அன்டாரஸ் கேட்டை; ஸ்பைக்கா சித்திரை. ரைஜெல் என்பது மிருகசீரிடத்துக்குக் கீழே பளிச்சென்று தெரியும் வெள்ளை நட்சத்திரம். சும்மா அழகுக்காக வைத்த பெயர்களா என்றால் இல்லை. அந்த நட்சத்திரங்களே வழிகாட்டிகள்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் கடலின் வடபுறம் சுமத்ரா, அந்தமான் எல்லாம் ஜப்பானியர் கையில் இருந்தன. அவர்களுடைய விமானங்கள் காவல் சுற்றிவரும். நம் கேட்டலினாவிலோ துப்பாக்கி கிடையாது; பாரம் என்று கழற்றிவிட்டார்கள். வேகமும் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு முன்பின்தான். கண்ணில் பட்டால் தப்ப முடியாது. ஆகவே வானொலியில் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். கேட்கலாம், பேசக்கூடாது. வழி கேட்க ஆளில்லாத கடலில், திசை காண்பவர் ஒருவர் கையில் கோணமானியை வைத்துக்கொண்டு, இன்ன நேரத்தில் இன்ன நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் இத்தனை பாகையில் நிற்கிறது என்று அளந்து, அதைக் கொண்டு தாம் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவார். மேகம் மூடினால் அதுவும் இல்லை. அடியிலிருக்கும் அலையைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணிக்கவேண்டும். ஒரு பாகை பிசகினால் 5,650 கிலோமீட்டரின் முடிவில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்போம்.

அடுத்தது எண்ணெய்க் கணக்கு. சாதாரணக் கேட்டலினாவால் இவ்வளவு தூரம் போக முடியாது. உள்ளே அதிகப்படியான தொட்டிகளை வைத்து, புறப்படும்போது ஏறக்குறைய 9,000 லிட்டர் பெட்ரோல் ஏற்றினார்கள். விமானத்தின் மொத்த எடை 16 டன் என்றால் அதில் ஐந்தில் இரண்டு பங்கு பெட்ரோலே. இத்தனையும் ஏற்றிவிட்டு மற்றதற்கு இடம் எங்கே? குளிர் தாக்காமலிருக்க உட்சுவரில் பதித்திருந்த உறையைக்கூட உரித்துப் போட்டார்கள். மிஞ்சியது மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் இடம். நம் பெரியவர்கள் ஒரு பிக்கல் என்பார்களே, அதற்குச் சற்றே கூடுதல். ஒரு பிக்கல் காகிதத்தையும் மூன்று ஆட்களையும் கொண்டுபோக 9,000 லிட்டர் பெட்ரோல்! இலாப நஷ்டம் பார்க்கும் கணக்கன் யாரும் இதற்குச் சம்மதிக்கமாட்டான். ஆனால் அந்தக் காகிதங்கள் அரசாங்கங்களும் படைத்தலைவர்களும் எழுதியவை.

இயந்திரம் இரண்டு உண்டு. ஒன்று நின்றுபோனால் மற்றதைக் கொண்டு சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள். பாரம் குறைந்த பிறகு சமாளிக்கலாம். ஆனால் புறப்பட்டு முதல் பல மணி நேரத்துக்கு, பெட்ரோல் நிறைந்திருக்கும்போது, ஒற்றை இயந்திரத்தால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. பெட்ரோலைக் கடலில் கொட்டவேண்டும். கொட்டினால் கரை சேரப் போதாது. இது தெரிந்தே ஒவ்வொரு முறையும் கிளம்பினார்கள்.

எதிரியின் காவல் எல்லையை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்துப் புறப்படுவார்கள். ஏறக்குறைய ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகலின் பகுதி என்று பயணம் நீளும். முப்பது மணிக்கு முன்பின்னாக ஆகும். எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்ட ஒரு பயணத்துக்கு 32 மணி 9 நிமிடம் பிடித்தது. இதனால் பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். இறங்கியதும் அவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கப்படும். இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தில் நீங்களும் ஓர் உறுப்பினர் என்று அதில் எழுதியிருக்கும். ஆபத்தான காரியத்தைச் செய்கிறவர்களுக்கு இப்படிக் கொஞ்சம் வேடிக்கையும் வேண்டியிருக்கிறது போலும். அந்தச் சேவைக்கே இரட்டைச் சூரியோதயம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1945 ஜூலை வரை அந்த ஐந்து விமானங்களும் 271 தடவை அந்தச் சமுத்திரத்தைக் கடந்தன. ஒன்றும் விழவில்லை, பயணிகள் ஒருவரும் சாகவில்லை. விமானச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய இயந்திரங்கள், பெரிய வேகங்கள் எத்தனையோ வந்துவிட்டன. இருந்தாலும் நட்சத்திரத்தைப் பார்த்துப் போய் 271 தடவையும் தவறாமல் ஏரியில் இறங்கினார்களே, அந்தக் காரியத்துக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த விமானங்களின் கதி என்ன ஆயிற்று? இரவலாக அமெரிக்காவிலிருந்து வந்தவை அல்லவா? போர் முடிந்ததும் ஒப்பந்தப்படி விலை கொடுத்து வாங்கவேண்டும், அல்லது அழித்துவிடவேண்டும் என்று ஆயிற்று. திருவோணம், கேட்டை, சித்திரை என்று பெயர் தாங்கிய அந்தக் கேட்டலினாக்களை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

போர் முடிந்தது. அறுந்த நூலில் மணிகளை மறுபடி கோத்தார்கள். 1947 டிசம்பர் 1-ஆம் தேதி முதல் குவான்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக நாலு நாளில் லண்டன் போயிற்று. சிங்கப்பூர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கொக்கலையை எல்லாரும் மறந்தார்கள். பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. 1955-இல் பாயா லேபார், 1965-இல் சுபாங், 1981-இல் சாங்கி, 1998-இல் சிப்பாங் என்று நிலையங்களும் பெருகின.

இடையில் நம் மலேசியாவைச் சேர்ந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சியாட்டல் நகரத்துக்கும் கோலாலம்பூருக்கும் பசிபிக் சமுத்திரத்தின் மேலாகப் போனால் ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர்தான். 1997 ஏப்ரல் 2-ஆம் தேதி, மலேசிய விமான நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட போயிங் 777 விமானம் ஒன்று சியாட்டலிலிருந்து வேண்டுமென்றே கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, பூமியின் மறுபக்கமாகச் சுற்றி, 20,044 கிலோமீட்டரை 21 மணி 23 நிமிடத்தில் நில்லாமல் பறந்து சுபாங்கில் இறங்கியது. பயணிகள் விமானம் ஒன்று இறங்காமல் பறந்த தூரத்தில் அன்றைக்கு அதுவே உலக சாதனை. 2005-இல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் போன மற்றொரு 777 அதை முறியடித்தது. இரண்டு நிலையங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று கேட்டால், எந்தப் பக்கமாக என்று திருப்பிக் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

இனி மறுபடி பெர்த்துக்கு வருவோம். 2018 மார்ச்சில் குவான்டாஸ் கம்பெனி பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடையில் எங்கும் நில்லாத பயணிகள் சேவையைத் தொடங்கியது. தூரம் 14,498 கிலோமீட்டர். நேரம் ஏறக்குறைய 17 மணி. இருக்கை 236. கேட்டலினா முப்பது மணி நேரத்தில் இலங்கைக்குத்தான் வந்தது. மூன்று பேரைத்தான் கொண்டு வந்தது. 2018-இல் பெர்த்தில் ஏறியவர் ஒரே ஒரு விடியலுக்குள் லண்டனில் இறங்கினார். இனிமேல் நடுவில் பாலம் எதற்கு, சிங்கப்பூர் எதற்கு என்று பலரும் பேசினார்கள்.

2024 ஏப்ரலில் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே பகை முற்றியது. ஈரான் நாட்டு ஆகாயத்தின் மேல் பறப்பது ஆபத்து என்று குவான்டாஸ் விலகிச் செல்ல முடிவு செய்தது. விலகிச் சுற்றிப் போனால் கூடுதல் எண்ணெய் வேண்டும். லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பும் விமானத்துக்குத் தொல்லையில்லை. மேற்கிலிருந்து வீசும் காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். போகும் விமானத்துக்கோ அதே காற்று எதிர்க்காற்று. நிறைந்த பயணிகளோடு ஒரே மூச்சில் லண்டன் போய்ச் சேர முடியாது. எனவே பெர்த்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட விமானங்கள் சிலகாலம் வடக்கே திரும்பி, ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர் பறந்து, சாங்கியில் இறங்கி, எண்ணெய் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம் லண்டனுக்குப் போயின.